தினம் அரை மணி நேரம்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலச் சொல்வளத்துக்கு எந்த வழி?

ஐந்தாம் வகுப்பை முடித்து ஆறாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடநூலின் தோற்றமே மாறிவிடுகிறது. படத்துக்குக் கீழே இரண்டு மூன்று வரிகள் என்றிருந்த பக்கங்கள் போய், பத்தி பத்தியாக உரைநடையும் துணைப்பாடக் கதைகளும் வந்துவிடுகின்றன. ஆங்கில வழியில் படிப்பவர் என்றால் அறிவியலும் சமூக அறிவியலும்கூட அதே மொழியில்தான். "படிக்கிறான், ஆனால் அர்த்தம் தெரியவில்லை" என்று பெற்றோர் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் இந்த வகுப்புகளில்தான். அதற்குப் பிறகு வீட்டிலோ பள்ளியிலோ இதற்கென்று ஒதுக்க முடிகிற நேரம், உண்மையாகக் கணக்குப் பார்த்தால், நாளொன்றுக்கு அரை மணிக்கு மேல் இருக்காது. அந்த அரை மணியைச் சொற்பட்டியலை எழுதி மனப்பாடம் செய்வதற்குக் கொடுப்பதா, கதைப்புத்தகத்துக்குக் கொடுப்பதா, அட்டைகளை வைத்துப் பயிற்சி செய்வதற்குக் கொடுப்பதா, முன்னொட்டு பின்னொட்டு என்று சொல்லின் உறுப்புகளைக் கற்பிப்பதற்குக் கொடுப்பதா, கைப்பேசிச் செயலிக்குக் கொடுப்பதா என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. எந்த வழி சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே எத்தனை சொல் தெரியும் என்பதைப் பார்த்த பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே விலை உடையவை அல்ல. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்களே. ஆனால் சாதாரண ஆங்கில எழுத்தில் நம் கண்ணில் படும் சொற்களில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் இந்த 2000-க்குள்ளும் அவற்றின் திரிபுகளுக்குள்ளும் அடங்கிவிடுகின்றன. மறுபக்கம், நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் செய்த கணக்கின்படி, ஒரு நாவலையோ செய்தித்தாளையோ யார் துணையும் இல்லாமல் படிக்க 8000 முதல் 9000 வரையிலான சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லையும் அதன் திரிபுகளையும் ஒன்றாக எண்ணும் தொகுதிகள், தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். முதல் 2000 சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து முயன்று கற்றாலும் அந்த உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேலுள்ள ஆயிரக்கணக்கான சொற்களை அப்படி ஒவ்வொன்றாகக் கற்பிக்க எந்தப் பள்ளிக்கும் நேரம் கிடையாது, அவை பெரும்பாலும் வாசிப்பின் வழியேதான் வந்து சேர வேண்டும்.

பிள்ளை இதில் எங்கே நிற்கிறது என்று அறியத் தேர்வு எதுவும் வேண்டாம். பாடநூலில் இன்னும் நடத்தாத ஒரு பாடத்திலிருந்து சுமார் 100 சொற்கள் கொண்ட பத்தியைக் காட்டி, பொருள் தெரியாத சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடச் சொன்னால் போதும். கோடுகள் இருபதைத் தாண்டினால் அடிப்படைச் சொற்களிலேயே ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஐந்துக்கும் கீழே இருந்தால் அந்தப் பிள்ளை வாசிப்புக்குத் தயாராகிவிட்டது. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பார்கள்.

நம் பள்ளிகளில் வேரூன்றிப்போன வழி சொற்பட்டியல்தான். 'தினம் பத்துச் சொல்' என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள்; மாணவர் அதை 'வேர்ட் மீனிங்' நோட்டில் பார்த்து எழுதி, மறுநாள் டிக்டேஷனில் தவறியவற்றை ஐந்து முறையோ பத்து முறையோ இம்போசிஷன் எழுதிக் காட்டுவார். ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் அத்தகைய நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பது விளங்கும். 'ரிலக்டன்ட்' என்ற சொல் எழுத்துப் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில், பக்கத்தில் 'தயக்கமுள்ள' என்ற பொருளோடு இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே சொல்லைத் துணைப்பாடக் கதையில் காட்டினால், எங்கோ எழுதியது நினைவிருக்கும், பொருள் நினைவிருக்காது. எழுதும்போது கண் நோட்டில் இருந்தது, கை நகர்ந்தது; நினைவிலிருந்து பொருளை இழுத்து எடுக்க வேண்டிய வேலை ஒரு முறைகூட நேரவில்லை.

இந்த இழுத்தெடுக்கும் வேலைதான் கற்றலின் பெரும்பகுதி என்பதற்கு வலுவான சான்று உண்டு. 2008-இல் ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் ஆகிய இரண்டு உளவியலாளர்கள், ஆங்கிலம் பேசும் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் அதைத் திரும்பத் திரும்பக் கேள்வியாகக் கேட்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து 80 விழுக்காட்டை ஒட்டி நினைவில் வைத்திருந்தார்கள். கேள்வியை நிறுத்திவிட்டுச் சொல்லையும் பொருளையும் திரும்பத் திரும்பப் பார்க்க மட்டும் செய்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நின்றது. இம்போசிஷன் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எழுத்துக்கூட்டலுக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. பொருளுக்கு அது உதவும் என்று நம்பி நம் பிள்ளைகளின் மாலை நேரத்தைச் செலவழிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பட்டியலில் இன்னொரு குறையும் உண்டு. சொற்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் கைடுகளில் வரும் எதிர்ச்சொல், இணைச்சொல் பட்டியல்களே கரும்பலகைக்கு வருகின்றன. 'பாரோ' என்பதையும் 'லெண்ட்' என்பதையும் ஒரே நாளில் எதிரெதிராக வைத்துக் கற்பித்தால், கடன் வாங்குவது எது, கொடுப்பது எது என்ற குழப்பம் பல ஆண்டுகளுக்கு நீங்காமல் ஒட்டிக்கொள்கிறது. பொருளால் நெருங்கிய புதிய சொற்களைக் கூட்டமாகக் கற்பிப்பது கற்றலைத் தாமதப்படுத்துகிறது என்பதை 1990-களில் நடந்த ஆய்வுகளும் காட்டின. ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, சில வாரங்கள் கழித்து மற்றதைக் கொண்டுவருவதே நல்லது.

அட்டை முறை இதே சொற்களை எடுத்துக்கொண்டு, பட்டியல் செய்யாத வேலையைச் செய்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எப்பிங்காஸ் 1885-லேயே, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும் கரைந்துவிடுகிறது என்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் அந்தக் கரைவு குறைகிறது என்பதையும் அளந்து காட்டினார். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1972-இல் இதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடக்கிப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார். அவருடைய பெட்டியில் ஐந்து அறைகள் உண்டு. நடுநிலை வகுப்புக்கு மூன்று போதும். முதல் அறையில் உள்ளவற்றை நாள்தோறும், இரண்டாவதில் உள்ளவற்றைச் செவ்வாயும் வெள்ளியும், மூன்றாவதில் உள்ளவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு ஏறும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும்.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் சேர்ந்துபோகும் கல்யாணப் பத்திரிகைகளின் அச்சில்லாத பக்கத்தைக் கால் பங்காக வெட்டினால் அட்டை. இனிப்புப் பெட்டிக்குள் இரண்டு தடுப்புகள் வைத்தால் அறைகள். முன்பக்கம் ஆங்கிலச் சொல் மட்டும். பின்பக்கம் தமிழ்ப் பொருளும், அந்தச் சொல் பாடத்தில் வந்த வாக்கியமும். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தை இந்த அட்டையில் தவிர்ப்பது நல்லது. ஒரே 'க', ஒரே 'ப' வைத்துக்கொண்டு ஆங்கில ஒலிகளைப் பிரித்துக் காட்ட முடியாததால், ஆசிரியர் வாயால் இரண்டு முறை கேட்பதற்கு அது ஈடாகாது. ஒரு சொல் மூன்றாவது அறையைத் தொட்டதும் அட்டையைத் திருப்பிப் பிடித்து, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்லச் செய்ய வேண்டும். படித்தால் புரிகிற சொல்லைப் பேசவும் எழுதவும் வரும் சொல்லாக மாற்றுவது இந்த இரண்டாம் கட்டம்தான். நாளுக்கு ஐந்து புதிய அட்டைகள் என்றால் 200 வேலை நாள்களில் 1000 சொற்கள் ஆகின்றன. விடுப்பு, தேர்வு, திருவிழா என்று பாதி போனாலும் ஆண்டுக்கு 500 நிற்கும். மூன்று ஆண்டுகளுக்கு அது சிறிய எண் அல்ல.

அட்டையில் தமிழ்ப் பொருள் எழுதலாமா என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தமிழ் நுழைந்தால் சிந்தனை தமிழிலேயே நின்றுவிடும் என்பது அவர்கள் அச்சம். கற்பவருக்கென்று தொகுக்கப்பட்ட ஆங்கில அகராதிகள் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும். மைக்கேல் வெஸ்ட் 1935-இல் கொண்டுவந்த அகராதி 1490 சொற்களை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கியது. 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி அதற்காகச் சுமார் 2000 சொற்களைப் பயன்படுத்தியது. ஆக, அத்தகைய அகராதியைத் திறப்பதற்கே 2000 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அவை கைக்கு வரும்வரை தமிழ்ப் பொருளே நேரான வழி. லிஃப்கோ போன்ற ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் இந்த வயதினருக்குப் பெரிய துணை. இரண்டு பொருளும் ஒரே இடத்தில் இருப்பதால், பிள்ளை தமிழைப் பார்த்துவிட்டு ஆங்கில விளக்கத்துக்கு மெல்ல நகர முடிகிறது. எட்டாம் வகுப்பில் அந்த 2000-ஐத் தாண்டியவர்களுக்கு அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கில விளக்கத்தையே எழுதச் செய்யலாம், அப்போது அது பொருந்தும்.

அட்டைக்கு முதலில் எடுக்க வேண்டிய சொற்களில் ஒரு கூட்டத்தை நாம் தொடர்ந்து கவனிக்காமல் விடுகிறோம். 'டிஃபைன்', 'டிஸ்கிரைப்', 'கம்பேர்', 'ஜஸ்டிஃபை', 'ஐடென்டிஃபை' போன்ற வினாத்தாள் சொற்கள் எந்தப் பாடத்தின் பின்னாலும் அருஞ்சொற்பொருளில் வருவதில்லை. ஆனால் ஆங்கில வழி மாணவர் அறிவியலில் மதிப்பெண் இழப்பதற்குப் பாடம் தெரியாதது மட்டும் காரணம் அல்ல. ஒப்பிடச் சொன்ன இடத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு வருவதும் காரணம். ஆறாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே இந்தச் சொற்கள் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

இனி வாசிப்பு. இதன் வலிமையைக் காட்டும் நல்ல சான்று பிஜித் தீவிலிருந்து வருகிறது. 1980-இல் அங்கே சிற்றூர்ப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 கதைப்புத்தகங்கள் வீதம் கொடுத்து, ஆசிரியர் வாசித்துக் காட்டவும் பிள்ளைகள் தாங்களே வாசிக்கவும் நேரம் ஒதுக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி பிஜியனோ இந்தியோ. ஆங்கிலம் பள்ளியில் மட்டும். வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் 1983-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வழக்கமான பயிற்சிகளோடு நின்ற வகுப்புகளைவிடக் கதைப்புத்தகம் கிடைத்த வகுப்புகள் வாசிப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறின; இரண்டாம் ஆண்டில் அந்தப் பயன் எழுத்துக்கும் பரவியது. வீட்டில் ஆங்கிலம் கேட்காத, நூலகம் எட்டாத பிள்ளைகளிடம் இது நடந்தது என்பதால், நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைப்பது அரிது.

ஆனால் 'நிறையப் படி, சொல் தானாக வரும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் தற்செயலாக மனத்தில் தங்குகிறது என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 1999-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதுவும் தாய்மொழியில் வாசிக்கும் மாணவர்களைப் பற்றியது. சுற்றியுள்ள சொற்களில் பெரும்பாலானவை புரிந்தால்தான் புரியாத ஒன்றின் பொருளை ஊகிக்க முடியும். யார் துணையுமின்றிக் கதையைச் சரளமாகப் படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றும், ஓரளவு உதவியோடு படிக்க 95 தேவை என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு பக்கத்தில் இருபது சொல் தெரியாத பிள்ளையின் கையில் ஆங்கில நாவலைக் கொடுத்து 'வாசிப்புப் பழக்கம் வேண்டும்' என்று வற்புறுத்துவது, இருக்கும் ஆர்வத்தையும் கெடுத்துவிடும். முன்னே சொன்ன மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பள்ளிகளில் கண்டதும் இதைத்தான். பிள்ளைகளின் வாசிப்பு நூல்களில் புதுச்சொற்கள் நெருக்கியடித்து நிற்பதையும், அவற்றில் பல அன்றாடம் வழங்காத இலக்கியச் சொற்களாக இருப்பதையும் பார்த்து, அரிய சொல்லுக்குப் பதில் எளிய சொல்லைப் போட்டு, புதிய சொற்களை இடைவெளி விட்டுப் பரப்பித் தம் வாசிப்பு நூல்களை எழுதினார். படிநிலைப்படுத்திய கதைப்புத்தகம் என்று இன்று நாம் சொல்வதற்கு அது ஒரு தொடக்கம்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல் வருந்தோறும் பிள்ளை ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தமிழில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வரலாம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவுகள் உள்ளன. சிக்கல் ஒன்றே ஒன்று: ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் படிநிலைக் கதை சரியான அளவாக இருக்கும், ஆனால் அதை மற்றவர் முன் கையில் எடுக்க அது கூச்சப்படும். தம்பிக்கோ தங்கைக்கோ பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கோ வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ஒரே கதையைப் பலமுறை வாய்விட்டு வாசிக்க நேர்வது கூடுதல் பயன்.

சொல்லின் உறுப்புகளைக் கற்பிக்கும் வழி எட்டாம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும், ஆறாம் வகுப்புக்குப் பொருந்தாது. 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்' என்ற நான்கு முன்னொட்டுகளே பள்ளி நூல்களில் முன்னொட்டோடு வரும் ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இடம்பெறுகின்றன என்பதால், சிறிது நேரம் செலவழித்துப் பெரும் பயன் பெறலாம். பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபத உறுப்பிலக்கணம் படிக்கும் நம் மாணவர்களுக்குச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது புதிய வேலையும் அல்ல. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் இதைத் தொட்டால் இரண்டு பாடங்களும் பலம் பெறும். ஆனால் பிரிப்பதற்கு முதலில் பகுதி தெரிந்திருக்க வேண்டும். 'ஹேப்பி' தெரியாத பிள்ளைக்கு 'அன்ஹேப்பி'யைப் பிரித்துக் காட்டிப் பயனில்லை. 'இன்ஃபிளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று ஊகித்துவிடும் ஆபத்தும் உண்டு. எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். அதனால் ஊகித்த பின் அகராதியில் சரிபார்ப்பதையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அட்டைப் பெட்டியின் வேலையையே செய்யும் அன்கி போன்ற செயலியில், பிள்ளையின் பாடநூல் சொற்களை ஆசிரியரோ பெற்றோரோ உள்ளிட்டுக் கொடுத்தால் அது நல்ல கருவி. எந்த அட்டையை எந்த நாளில் காட்டுவது என்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும், ஒலியையும் சேர்க்கலாம். படத்தைச் சொல்லோடு பொருத்தும் விளையாட்டுச் செயலிகள் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தொடச் சொல்வதால், நினைவிலிருந்து எடுக்கும் வேலை குறைந்துபோகிறது. அவற்றின் சொற்களுக்கும் நாளை வகுப்பில் நடக்கப்போகும் பாடத்துக்கும் தொடர்பும் இருப்பதில்லை. பல வீடுகளில் கைப்பேசி என்பது அப்பா வேலை முடிந்து வந்த பிறகே கிடைக்கும் பொருள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெட்டி எப்போதும் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

ஆக, 100 சொல் பத்தியில் இருபதுக்கு மேல் கோடு போட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, அரை மணியில் இருபது நிமிடம் தமிழ்ப் பொருளோடு கூடிய அட்டைகளுக்கும் பத்து நிமிடம் மிக எளிய கதைக்கும் கொடுப்பேன். அட்டையில் படித்த சொல் கதையில் எதிர்ப்படும்போதுதான் அது பிடிபடுகிறது என்பதால், இந்த நிலையிலும் கதையை அடியோடு விடக் கூடாது. ஐந்துக்கும் இருபதுக்கும் இடையில் நிற்பவருக்கு இரண்டுக்கும் சரிபாதி; அவர் அட்டைகளில் பாதியாவது அவரே வாசித்த பக்கங்களிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். ஐந்துக்கும் கீழே வந்துவிட்ட எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புதிய சொல் அட்டை வாரத்துக்கு ஐந்தாறு போதும். வாரத்தில் ஒரு நாள் சொல் உறுப்புகளுக்கு, மற்ற நாள்களெல்லாம் வாசிப்புக்கு. மனப்பாடப் பட்டியலுக்கும் இம்போசிஷனுக்கும் இந்த மூன்றில் எதிலும் நான் இடம் வைக்கவில்லை. எழுத்துக்கூட்டல் பிழை மிகுந்த பிள்ளைக்கு, அட்டையைப் பார்த்து மூடிவிட்டு நினைவிலிருந்து ஒரே ஒரு முறை எழுதிச் சரிபார்ப்பது, பார்த்துப் பத்து முறை எழுதுவதைவிடப் பயன் தரும்.

45 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவா என்று ஆசிரியர் கேட்பது நியாயம். அட்டைகளை இருவர் இருவராக ஒருவரையொருவர் கேட்கச் செய்தால் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். ஆசிரியர் திருத்த வேண்டிய நோட்டு ஒன்றும் சேராது. வாசிப்புக்கு, ஒரே புத்தகத்தின் நாற்பது படிகளைவிட வெவ்வேறு படிநிலைகளில் நாற்பது புத்தகங்கள் வகுப்பு அலமாரியில் இருப்பது மேல். அந்த 100 சொல் சோதனையைப் பருவத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் புதிய பத்தியை வைத்து நடத்தி, கோடுகளின் எண்ணிக்கையைத் தேதியோடு பெட்டியின் மூடியிலேயே குறித்துவைத்தால், எந்தப் பிள்ளைக்கு அட்டையைக் குறைத்து வாசிப்பைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.